மங்காத படம்

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பாட்டியின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. 1965-ஆம் ஆண்டில் எடுத்தது. அதில் பாட்டிக்கு வயது இருபது. பின்னாலிருந்த திரையும் பூச்சாடியும் இப்போது தெரிவதில்லை. ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. "இனி முகமும் போய்விடும் போலிருக்கே" என்று சென்ற கோடை விடுமுறையில் பாட்டி சொன்னார். படம் ஏன் மங்குகிறது என்று அறிய அன்றே ஆவல் கொண்டேன். அறிந்தவற்றைத் தோழியருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் காணும் கருமை மையன்று. மிக நுண்ணிய வெள்ளித் துகள்களே ஆகும். நம் கொலுசு நாளடைவில் கறுப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் ஈரமும் செய்யும் வேலை அது. படத்திலுள்ள வெள்ளியும் அவ்வாறே கெடுகிறது. அப்படியானால், எளிதில் கெடாத உலோகத்தால் படம் செய்ய முடியாதா?

முடியும்! இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் வில்லிஸ் என்பவர் 1873-ஆம் ஆண்டிலேயே பிளாட்டினத்தால் படம் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிளாட்டினமும் அதன் உறவான பல்லேடியமும் காற்றுக்கும் ஈரத்துக்கும் எளிதில் அசையாதவை. இம்முறையில் உலோகத் துகள்கள் காகிதத்தின் நாரிலேயே படிகின்றன. ஆகவே, நல்ல காகிதம் உள்ளவரை படமும் இருக்கும் என்பர்.

செய்முறை இதுதான். ஃபெரிக் ஆக்சலேட் என்னும் இரும்பு உப்பையும், பிளாட்டினம் அல்லது பல்லேடியம் உப்பையும் கலந்து, தூரிகையால் காகிதத்தில் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் நெகடிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயில் காட்ட வேண்டும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக மாறும. பின்னர் பொட்டாசியம் ஆக்சலேட் கரைசலை ஊற்றினால், அந்த ஃபெரஸ் இரும்பு பிளாட்டினம் உப்பை உலோகமாக்கிவிடும். மிஞ்சிய இரும்பை மென்மையான அமிலக் கரைசலில் நீக்கி, நீரில் அலசினால் படம் தயார். பிளாட்டினம் சாம்பல் கலந்த கருமையையும், பல்லேடியம் இளம் பழுப்பையும் தரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நெகடிவ் எந்த அளவோ, படமும் அதே அளவுதான். பெரிய படத்துக்குப் பெரிய நெகடிவ் வேண்டும். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தபோது, ஓர் அடிக்கும் மேல் நீளமான மெழுகுக் காகித நெகடிவ்களைப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சுமார் 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். அவர் அச்சிட்டது வெள்ளி உப்புப் பூசிய தாளில்தான். ஆயினும் நெகடிவைத் தாளோடு வைத்து அச்சிடும் வழி ஒன்றே. வானம் வெறுமையாக விழுந்த நெகடிவ்களில் அவர் வண்ணம் தீட்டி மேகம் வரைந்ததும் உண்டு.

இன்று அத்தகைய பெரிய காமிரா தேவையில்லை. செல்போனில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்கி, கருமையை வெண்மையாகவும் வெண்மையைக் கருமையாகவும் மாற்றி, ஒளிபுகும் தாளில் பிரிண்டரால் அச்சிட்டால் அதுவே நெகடிவ். டிரைப் தூரிகையால் திருத்தியதை நாம் கம்ப்யூட்டரில் திருத்துகிறோம்.

பிளாட்டினம் உப்பு விலை மிக உயர்ந்தது. தோலுக்கும் சுவாசத்துக்கும் ஒவ்வாமை தரக்கூடியது. ஆகவே, அறிவியல் சிஸ்டரின் துணையோடு அதன் ஏழைச் சகோதரியான நீல அச்சை முயன்றேன். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இம்முறையிலும் வெயிலில் மாறுவது இரும்பே. ஆனால் இதில் இரும்பே நீல நிறமாகிப் படமாக நிற்கிறது.

பாட்டியின் படத்தை நெகடிவாக்கி, கையுறை அணிந்து தாளில் மருந்து பூசி, மொட்டை மாடியில் 12 நிமிடம் வெயிலில் வைத்தேன். நீரில் அலசியதும் திடுக்கிட்டேன். கூந்தல் வெளுத்து, வெள்ளைப் புடவை நீலமாக இருந்தது! அவசரத்தில், நெகடிவாக மாற்றாத படத்தையே அச்சிட்டுவிட்டேன். பாட்டி அதைப் பார்த்து, "இருபது வயசிலேயே எனக்கு நரைக்க வெச்சுட்டியேடி!" என்று சிரித்தார்.

மறுநாள் சரியாக வந்தது. அதைப் பாட்டி சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். செல்போனில் அதே படத்தை எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் "கண்ணு கூசுது" என்று திருப்பித் தந்துவிடுவார்.

நீல அச்சும் வெயிலில் மாட்டினால் வெளிறும். அதனால் அதைப் பாட்டியின் பெட்டியில் வைத்திருக்கிறோம். நான் வேலைக்குச் சென்று பெறும் முதல் சம்பளத்தில் பாட்டியின் முகத்தைப் பிளாட்டினத்தில் அச்சிடுவேன். அதுவரை நெகடிவை என் அறிவியல் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

தோழியரே, உங்கள் வீட்டுச் சுவரிலும் மங்கிவரும் முகம் ஒன்று இருக்கலாம். அது மறையுமுன் நகல் எடுத்து வையுங்கள். அது யாரென்று பெரியவர்களைக் கேட்டுப் பின்புறம் பெயரும் எழுதி வையுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு