பெதஸ்தா குளத்தில் மீதிப்பேர்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய திரைக்கதையை வாசித்தேன். பெதஸ்தா குளத்தண்டையில் 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனின் கதை. காட்சி பிரிப்பது, ஷாட் வைப்பது பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இடங்களில் எனக்கு மனசு ஆறவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏழாம் காட்சி. இயேசு எதிரே வந்து நிற்கிறார். உன் ஆள் ஒரு பக்கம் முழுக்க விசுவாச வசனம் பேசுகிறான், அழுகிறான், காலில் விழுகிறான். அதற்குப் பிறகுதான் சுகம் கிடைக்கிறது. இதை எங்கிருந்து எடுத்தாய்? யோவான் ஐந்தாம் அதிகாரத்தை மறுபடி பிரித்துப் பார். சுகமாக விருப்பமா என்று அவர் கேட்கிறார். இவன் 'ஆமாம்' என்றுகூடச் சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை, நான் போவதற்குள் இன்னொருத்தன் இறங்கிவிடுகிறான் என்று முறையிடுகிறான். அவ்வளவுதான். எழுந்து நடந்த பிறகும் தன்னைச் சுகமாக்கியவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஓய்வுநாளில் படுக்கையைச் சுமக்கிறாயே, யார் சொன்னது என்று கேட்கிறார்கள். பேர் சொல்லத் தெரியாமல் நிற்கிறான். விசுவாசத்தைப் பாராட்டிச் சுகம் கொடுத்த இடங்கள் சுவிசேஷத்தில் உண்டு. பெரும்பாடுள்ள ஸ்திரீ இருக்கிறாள், நூற்றுக்கு அதிபதி இருக்கிறான். பெதஸ்தா அப்படிப்பட்ட இடம் இல்லை. யாரென்றே அறியாதவனுக்கு இங்கே கிடைக்கிறது. நீ அதை விசுவாசத்துக்குக் கொடுத்த கூலியாக ஆக்கிவிட்டாய்.

இந்தக் கூலிக்கணக்கு திரையோடு நிற்காது, தம்பி. 1979-ல் வந்த 'இயேசு' படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய குழு ஒன்றில் நான் இருந்தேன். லூக்கா சுவிசேஷத்தை வைத்து எடுத்த படம், பிரையன் டீக்கன் நடித்தது. இன்றைக்கு 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது பேசுகிறது. கோயில் மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத்துணி கட்டுவோம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இடவலம் மாறிய இயேசுவைப் பார்ப்பார்கள். ரீல் மாற்றுகிற நேரத்தில் பாட்டு நடக்கும். யவீருவின் மகள் எழுந்து உட்காரும்போது மைதானமே கைதட்டும். ஒரு ஊரில் படம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். போலியோவில் கால் சூம்பிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறவளாம். "எங்க விசுவாசம் பத்தலைன்னு சொல்றாங்களே, இன்னும் எவ்வளவு வேணும்யா?" என்று கேட்டாள். அப்படிச் சொன்னவர் பத்தடி தள்ளி இன்னொரு வியாதிக்காரருக்கு ஜெபித்துக்கொண்டிருந்தார். மூன்று முறை வேண்டிக்கொண்டும் பவுலுக்கு மாம்சத்திலிருந்த முள் நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அவளிடம் சொல்ல மட்டும் அந்தத் துணிச்சல் வந்தது. நாங்கள் தூக்கிக்கொண்டு திரிந்த அத்தனை ரீலிலும் அவளுக்கு ஒரு ஷாட் கிடையாது.

இரண்டாவது குறை அங்கேதான் வருகிறது. குளத்தைச் சுற்றி ஐந்து மண்டபங்களிலும் வியாதிக்காரர்கள் கூட்டமாகப் படுத்திருந்தார்கள் என்கிறது வேதம். குருடர், சப்பாணிகள், உறுப்பு சூம்பினவர்கள். இயேசு ஒருவனிடம் போனார். ஒருவன் எழுந்தான். பிறகு அவர் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார். மற்றவர்கள் எழுந்ததாக யோவான் சொல்லவில்லை. உன் திரைக்கதையில் அவன் எழுந்தவுடனே எட்டாம் காட்சி, தெருவில் ஆரவாரம். மண்டபத்தில் கிடந்தவர்களை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது உன்னோடு தொடங்கிய பழக்கம் இல்லை. 1927-ல் செசில் பி. டெமில் 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' எடுத்தார். பார்வையில்லாத ஒரு சிறுமிக்குக் கண் திறக்கிறது; அவள் கண் வழியாகத்தான் நாமும் முதல்முறையாக இயேசுவின் முகத்தைப் பார்க்கிறோம். ஊமைப்படக் காலத்தில் அது அபாரமான யோசனை. ஆனால் அன்றிலிருந்து வியாதிக்காரர் என்றால் இயேசு திரைக்குள் வருவதற்கான வாசல் என்று ஆகிவிட்டது. அவர் உள்ளே வந்த பிறகு வாசலை யார் பார்க்கிறார்கள்? மெல் கிப்சன் 2004-ல் வந்த தன் இயேசு படத்தில் சாட்டையடியை நிமிஷக்கணக்கில் காட்டினார். அந்த ஒரு சரீரத்தின் பாடுகளுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, இயேசு தொட்ட சரீரங்களின் பாடுகளுக்கு நேரம் இருப்பதில்லை.

டல்லஸ் ஜென்கின்ஸின் 'தி சோசன்' தொடரில் பேச்சு அதிகம் என்பது என் குறை. ஆனாலும் இரண்டு விஷயத்துக்காக அவரைக் கும்பிடுவேன். உன் பெதஸ்தாக்காரனையே இரண்டாம் சீசனில் எடுத்திருக்கிறார்கள். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்தது, கூடப்பிறந்த தம்பி விட்டுவிட்டுப் போய் செலோத்தேயரோடு சேர்ந்தது என்று அந்த 38 வருஷத்துக்கு ஒரு உடம்பும் குடும்பமும் கொடுத்தார்கள். நீ 'வருடங்கள் உருண்டோடின' என்று ஒரு பின்னணிக் குரலில் கடந்துவிட்டாய். இன்னொன்று, மூன்றாம் சீசனில் சின்ன யாக்கோபு. நடித்த ஜோர்டன் வாக்கர் ராஸுக்கு நிஜமாகவே பெருமூளை வாதமும் முதுகுத்தண்டு வளைவும் உண்டு. அந்த நடையை மறைக்காமல் பாத்திரத்துக்கே கொடுத்தார்கள். வியாதிக்காரரைச் சுகமாக்கச் சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பும் நேரத்தில், என்னைச் சுகமாக்காமலே என்னை அனுப்புகிறீரே என்று யாக்கோபு கேட்கிறான். இயேசு அவனைச் சுகமாக்குவதில்லை. விசுவாசம் குறைவு என்றும் சொல்வதில்லை. பக்கத்தில் நின்று பேசுகிறார், அவன் நொண்டிக்கொண்டே ஊழியத்துக்குப் போகிறான். என் மைதானத்து அம்மா கேட்டதற்கு ஒரு இயேசு படம் வாய் திறந்து நான் பார்த்தது அப்போதுதான்.

இனி உன் பதினோராம் காட்சி. சுகமானவன் வீட்டுக்கு வருகிறான். நிலைப்படியில் தலை இடிக்கிறது. 38 வருஷமாக அந்த வாசலில் தவழ்ந்தோ பிறர் தோளில் தொங்கியோதான் போயிருக்கிறான். நிமிர்ந்து நடக்கிறவன் அங்கே குனிய வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. தம்பி, நான் பார்த்த எந்த இயேசு படத்திலும் இப்படி ஒன்று இல்லை. டெமில் காட்டவில்லை, இயேசுவை வைத்துத் தொடர் எடுத்த ஜெஃப்பிரெல்லியும் காட்டவில்லை. சுகம் என்பது உடம்பு புதிதாகப் படிக்க வேண்டிய பாடம் என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டாய். நீளம் என்று தயாரிப்பாளர் சொன்னாலும் அதில் கை வைக்காதே. இதை யோசித்தவன் ஏழாம் காட்சியை எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்தருகே அந்தக் குளத்தைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தொட்டிகள், நடுவே ஒரு கரை. நாலு பக்கம் நாலு மண்டபம், நடுக்கரையில் ஐந்தாவது. கேமராவை அந்த நடுக்கரையில் வை. இயேசு வருவதையும், அவன் எழுவதையும், இருவரும் போவதையும் அங்கே படுத்திருக்கிறவர்களின் மட்டத்திலிருந்து எடு. இயேசு ஏன் அவர்களிடம் வரவில்லை என்பதற்குக் காரணம் எழுதாதே. யோவானே எழுதவில்லை.

மண்டபத்தில் கிடப்பவர்களுக்காகத் துணைநடிகர்களைக் கூட்டிவந்து காலை மடக்கிக் கட்டாதே. நடக்க முடியாதவர்களையே தேடிக் கேள். படப்பிடிப்பு இடத்தில் சாய்தளம் போடு, மற்றவர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தையே கொடு. எழுந்து போகிறவனிடம் படுத்திருக்கும் ஒருவர் பேசுகிற மாதிரி ஒரு வசனம் ஏழாம் காட்சிக்கு வேண்டும். அதை நீ எழுதாதே, நடிக்க வருகிறவரிடம் கேட்டு எழுதிக்கொள். திருத்திய பிரதியை லெந்து காலத்துக்குள் அனுப்பு; வாசித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்