கடையை விட்டு ஓயும் நாளுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்?

நம் கடையில் வேலை செய்யும் சிப்பந்திக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவரது சம்பளத்தில் 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் மாதாமாதம் அதில் சேர்கின்றன. அதைக் கட்டும் முதலாளிக்கோ அப்படி எதுவும் இல்லை. "பிள்ளைகள் பார்ப்பார்கள்" என்கிறோம். பார்ப்பார்கள், இன்ஷா அல்லாஹ். ஆனாலும் மருந்துச் செலவுக்கு மகனின் கையை எதிர்பார்ப்பது இருவருக்குமே சங்கடம். "கடையில் சரக்கு இருக்கிறதே" என்பாரும் உளர். அதில் ஒரு பங்கு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய கடன். மீதியை அவசரத்துக்கு விற்றால் கொள்விலையும் கிடைக்காது.

ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

தேவை எவ்வளவு?

45 வயதுடைய ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு மாதம் 100,000 ரூபா. ஒரு கடை அறையை வாடகைக்கு விட்டதில் 40,000 ரூபா வருகிறது. விலைவாசியோடு வாடகையும் ஏறும் என்று கொண்டால், சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது மாதம் 60,000, வருடம் 720,000 ரூபா. அவர் 60 வயதில் ஓய்ந்து, பின் 20 வருடங்களுக்குப் பணம் வேண்டுமென்றால், இன்றைய பெறுமதியில் 1 கோடி 44 இலட்சம் ரூபா தேவை. ஆயுள் அல்லாஹ்வின் கையில். திட்டமிடுவது நம் கடமை.

இரண்டு கழிவுகள்

முதலாவது விலையேற்றம். வருடம் 6 வீதம் ஏறினாலே, இன்று 100,000 ரூபாவுக்கு வாங்கும் பொருட்களுக்கு 15 வருடங்களில் ஏறத்தாழ 240,000 ரூபா வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியதை நாம் மறக்கவில்லை.

இரண்டாவது ஸகாத். நிஸாபை எட்டிய சேமிப்பில் வருடாவருடம் இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். பிறர் எழுதிய ஓய்வூதியக் கணக்குகளில் இது இராது. நமது கணக்கில் கட்டாயம் இருக்க வேண்டும்.

விலைவாசி 6 வீதம் ஏறும்போது இலாபமும் 6 வீதமாக இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. 20 வருடங்களுக்கென வைத்த பணம் 17ஆவது வருடத்திலேயே தீர்ந்துவிடும். 77 வயதில் கை வெறுமையாகும். அதே இலாபத்தில் 20 வருடங்களும் தாங்க வேண்டுமானால், ஓயும் நாளில் இன்றைய பெறுமதிக்கு 1 கோடி 85 இலட்சம் இருக்க வேண்டும். 1 கோடி 44 இலட்சமே போதுமென்றால், இலாபம் ஏறத்தாழ எட்டரை வீதமாவது வர வேண்டும்.

மாதம் எவ்வளவு?

அந்த எட்டரை வீதம் கிடைக்கிறது என்று வைத்தால் கணக்கு இலகு. 1 கோடி 44 இலட்சத்தை 15 வருடங்களால் பிரித்தால் வருடம் 960,000, மாதம் 80,000 ரூபா. விலைவாசியோடு இத்தொகையையும் வருடாவருடம் கூட்ட வேண்டும். 30 வயதில் தொடங்கியிருந்தால் மாதம் 40,000 ரூபாவே போதும். மகன் கடைக்கு வந்தவுடன் அவனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

எங்கே வைப்பது?

வட்டிக்கு நிலையான வைப்பில் இடுவது நமக்கு ஆகாது. வட்டியில்லா அடிப்படையில் முழுமையாக இயங்கும் அமானா வங்கி 2011இல் தொடங்கியது. முழாரபா கணக்கில் கிடைப்பது இலாபப் பங்கு. அது கூடும், குறையும். எனவே ஒருமுறை போட்ட கணக்கை நம்பியிருக்கக் கூடாது. வாடகைக் கட்டடமும் நல்லது. அதன் பெறுமதியில் ஸகாத் இல்லை என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

எங்கு வைத்தாலும், இந்தப் பணத்தைக் கடை முதலோடு கலக்காதீர்கள். வருடாவருடம் ஸகாத்துக்காகக் கணக்குப் பார்க்கும் அதே நாளில் இந்தக் கணக்கையும் பாருங்கள். கொப்பி எப்படியும் திறந்துதானே இருக்கும்!