பிடுங்கி நட்ட நாற்று



வயலில் நாற்று நடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் பச்சைப் பசேலென்று நின்ற பயிர், பிடுங்கி நட்டதும் தலை சாய்ந்து வெளுத்துப் போகும். விவசாயி கலங்குவதில்லை. வேர் பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நம் விடுதிக்குப் புதிதாக வரும் சிறுமியர் முதல் வாரம் தலையணையை நனைப்பதும் அப்படித்தான். ஆனால் 78 வயதில் ஒருவரை இடம் மாற்றி நட்டால் என்ன ஆகும்? முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்பவரின் மனநலம் பற்றியே இக்கட்டுரை.

என் அப்பத்தா கிராமத்தில் தனியாக இருந்தார். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், எங்கள் மாடி வீட்டுப் படி அவரால் ஏற முடியவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். எனவே ஓர் இல்லத்தில் சேர்த்தோம். "கால் சரியானதும் கூட்டிக்கிட்டுப் போயிருவோம்" என்று சொல்லிச் சேர்த்தோம். அது நடக்காது என்று எங்களுக்குத் தெரியும். அவர் நம்பினார். துணிப்பையைப் பிரிக்காமல் கட்டிலடியில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

மனம் காட்டும் அடையாளங்கள்

வீடு, அடுப்படி, அண்டை அயலார், பழகிய நேரத்துக் காப்பி ஆகிய எல்லாம் ஒரே நாளில் போய்விட்டால் மனம் தடுமாறுவது இயற்கையே. பசியின்மை, உறக்கமின்மை, பேச்சுக் குறைதல், அறையைவிட்டு வர மறுத்தல், சிறு காரியத்துக்கும் கோபம் ஆகியவை அதன் அடையாளங்கள். பெரும்பாலோருக்கு இது மெல்ல மெல்லத் தணியும். துயரம் அளவு மீறி அன்றாட வாழ்வையே முடக்கினால் மருத்துவர்கள் அதனை இணக்கக் கோளாறு என்பர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி, மாற்றம் நேர்ந்த 3 மாதங்களுக்குள் இது தொடங்கும். காரணமும் அதன் விளைவுகளும் நீங்கிய 6 மாதங்களுக்குள் தணியும்.

"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுவது தவறு. துயரம் நாளுக்கு நாள் கூடினாலோ, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும். திடீரென்று ஆள், இடம் தெரியாமல் குழம்பினால் அது மனக்கவலை அன்று. கிருமித் தொற்றோ, மருந்தின் விளைவோ காரணமாக இருக்கலாம். அதற்குத் தாமதமின்றி மருத்துவம் தேவை.

கேட்பதே மருந்து

ஒரு ஞாயிறன்று அப்பத்தாவிடம், "இங்க என்ன குறை?" என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்ல தாயி. வேளைக்குச் சோறு வருது. ஆனா என்னைய யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல" என்றார்.

இதே கருத்தை அமெரிக்காவில் எலன் லாங்கர், ஜூடித் ராடின் என்ற இரு உளவியலறிஞர்கள் ஆராய்ந்து 1976இல் வெளியிட்டனர். கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் 91 பேரிடம் அந்த ஆய்வு நடந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் அறையை எப்படி அமைப்பது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது உங்கள் விருப்பம்" என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் செய்தனர். மற்ற மாடியில் இருந்தவர்களுக்கும் செடி உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்றுவது செவிலியர் பொறுப்பு. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, முதல் மாடியினரே அதிக மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் உடையவராக இருந்தனர். ஒரே இல்லத்தில் நடந்த சிறிய ஆய்வுதான். எனினும் அப்பத்தா சொன்னதை அது விளக்கிவிடுகிறது.

அவர் சொன்னதை இல்லக் காப்பாளரிடம் தெரிவித்தேன். மறுநாளே அவர் அப்பத்தாவை அடுப்படிக்கு அழைத்து, "ரசத்துக்குப் புளி எவ்வளவு போடலாம், சொல்லுங்கம்மா" என்று கேட்டாராம். இப்போது ரசத்துக்கு உப்புப் புளி பார்ப்பது அப்பத்தாவின் பொறுப்பு. அப்பாவும் ஒரு நாள் அருகில் அமர்ந்து உண்மையைச் சொன்னார். அப்பத்தா அழுதார், இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பையைப் பிரித்துச் சேலைகளை அலமாரியில் அடுக்கினார்.

நாம் செய்யக்கூடியவை

1. சேர்ப்பதற்கு முன்பே உண்மையைச் சொல்லி, இல்லத்தை அவருக்குக் காட்ட வேண்டும்.
2. அவருடைய சொந்தப் போர்வை, செம்பு, படம் ஆகியவற்றை உடன் அனுப்ப வேண்டும்.
3. வரும் நாளைச் சொன்னால் அந்நாளில் தவறாமல் வர வேண்டும்.
4. உதவி தேவைப்பட்டால் மூத்த குடிமக்களுக்கான 14567, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய அரசின் கட்டணமில்லா எண்களை அழைக்கலாம்.

தோழியரே! ஆண்டுக்கு ஒருமுறை பழமும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு முதியோர் இல்லம் செல்கிறோம், பாடுகிறோம், திரும்பிவிடுகிறோம். இம்முறை பாடி முடித்ததும் ஒருவர் அருகில் அமர்ந்து ஏதேனும் ஒன்றைக் கேளுங்கள். ஊறுகாய்ப் பக்குவம் கேளுங்கள், கோலத்துக்குப் புள்ளி எத்தனை என்று கேளுங்கள். பதில் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.

"அடுத்து எப்ப வருவ?" என்று அப்பத்தா இன்றும் கேட்கிறார். நாள் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி