வெறும் மரமும் வண்ணக் காகிதமும்: மதிப்புக் கூட்டலில் ஒரு பாடம்

புனே நகரின் கிழக்கே ஹடப்ஸர் பகுதியிலுள்ள மகர்பட்டா, வளர்ச்சிப் பொருளாதாரம் பயில்வோர் அறிந்த பெயர். நகரம் விரிந்து வந்தபோது அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட உழவர் குடும்பங்கள் தங்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடவில்லை. ஏறத்தாழ 400 ஏக்கரை ஒன்றுசேர்த்து, நில அளவுக்கேற்பப் பங்குதாரர்களாகி, தாங்களே ஒரு நகரியத்தை உருவாக்கினர். மூலப்பொருளை அப்படியே விற்பவருக்குச் சிறு தொகையே கிட்டும். மதிப்பு உயரும் கட்டத்தில் பங்கு பெறுபவருக்கே நீடித்த வருவாய் உண்டு. இவ்வுண்மை மரத் தட்டு, பெட்டி, முக்காலி போன்ற எளிய வீட்டுப் பொருள்களுக்கும் பொருந்தும்.

செய்முறை

வெறும் மரப்பொருளை முதலில் இழையோட்டத்தின் போக்கிலேயே உப்புத்தாளால் தேய்த்துத் தூசி நீக்க வேண்டும். அடிப்பூச்சு காய்ந்தபின் வண்ணம் இருமுறை மெல்லியதாகப் பூசப்படும். பூவேலை அச்சிட்ட காகிதத்தை வடிவத்துக்கேற்ப வெட்டி, நீர்த்த பசை தடவி ஒட்டி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தினால் காற்றுக் குமிழ் தங்காது. நன்கு உலர்ந்த பிறகு வார்னிஷ் பல முறை பூசப்படும். உணவு நேரடியாகப் படும் பரப்பில் இவ்வேலைப்பாடு கூடாது.

ஒரு கணக்கு

வெறும் தட்டின் விலை 150 ரூபாய், வண்ணம், காகிதம் முதலியவற்றின் செலவு 60 ரூபாய், உழைப்பு 4 மணி நேரம், விற்பனை விலை 450 ரூபாய் எனக் கொள்வோம். மிஞ்சுவது 240 ரூபாய். அதாவது மணிக்கு 60 ரூபாய். விற்பனையில் 30 விழுக்காட்டை இடைத்தரகர் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 105 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 26 ரூபாயே. கைத்திறன் மாறவில்லை, கூட்டிய மதிப்பு யாரைச் சேர்கிறது என்பது மட்டுமே மாறியுள்ளது.

எளிமையின் விலை

18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரக் கைவினைஞர்கள், கீழை நாட்டு அரக்குப் பொருள்களுக்கு இருந்த பெரும் தேவையைக் கண்டு, அச்சுப் படங்களை வெட்டி மரச்சாமான்களில் ஒட்டி வார்னிஷ் பூசினர். 'ஏழையின் அரக்கு' என்றே அம்முறை பெயர் பெற்றது. அதில் முதலீடு குறைவு. பயிற்சிக் காலமும் குறைவு. ஆயினும் எவரும் எளிதில் கற்கக்கூடிய தொழிலில் போட்டி மிகுந்து, விலை வீழ்வது இயல்பு.

இதற்கு மாறாக, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துச் சாவந்த்வாடியில் மரப் பழங்கள், பொம்மைகள், கஞ்சிஃபா எனும் வட்டச் சீட்டுகள் ஆகியன கையால் வண்ணம் தீட்டப்படுகின்றன. நலிந்திருந்த கஞ்சிஃபாக் கலைக்கு அவ்வூர் அரச குடும்பம் புத்துயிர் அளித்தது. கருநாடகத்துச் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழற்சியால் எழும் வெப்பத்தில் வண்ண அரக்கை ஏற்றித் தாழை மடலால் மெருகிடுகின்றனர். இத்தகைய திறனை விரைவில் நகல் செய்ய இயலாது. இவ்விரு ஊர்ப் பொருள்களும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

அரசின் பங்கு

வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கை மீறலாகாது என 2016ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. வாங்கும் வண்ணத்தில் இதைச் சரிபார்த்தல் கைவினைஞரின் கடமை. 2021 சனவரி முதல் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட விசுவகர்மா திட்டம், தச்சர், பொம்மை செய்வோர் உள்ளிட்ட 18 தொழிலினருக்குப் பயிற்சி, 15,000 ரூபாய்க் கருவி உதவி, இரு தவணைகளில் 3 இலட்சம் ரூபாய் வரை 5 விழுக்காட்டு வட்டிக் கடன் ஆகியவற்றை வழங்குகிறது.

கடனும் கருவியும் உற்பத்தியைப் பெருக்கும்; கூட்டிய மதிப்பைக் கைவினைஞரிடமே நிறுத்த அவை மட்டும் போதா. பதிவு, பொது விற்பனை, கூட்டான கொள்முதல் ஆகிய மூன்றும் உடன் வேண்டும். மகர்பட்டா உழவர்கள் நிலத்தை ஒன்றுசேர்த்தது போலக் கைவினைஞர்கள் தம் சந்தையை ஒன்றுசேர்க்க வேண்டும். கள அலுவலர் ஒரு பயிற்சி முகாமின் வெற்றியை, எத்தனை பேர் பயின்றனர் என்பதைக் கொண்டன்று, ஓராண்டுக்குப் பின் அவர்களுடைய ஒரு மணி நேர உழைப்பு என்ன ஈட்டியது என்பதைக் கொண்டு அளப்பதே முறை.