படகுக்கு ஏற்ற ஏற்பி எது?

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசிந்து சென்னைக் கடற்கரை கறுத்தது. மோதிய கப்பல்களுள் ஒன்றின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'. 2019-இல் செங்கல்பட்டு பிரிந்தபின் கடற்கரையே இல்லாத எங்கள் மாவட்டத்தின் பெயர்!

பெரிய கப்பல்களுக்கே இந்த நிலை என்றால், இரவில் வலை விரித்து நிற்கும் சிறு படகின் கதி என்ன? எதிரே வரும் கப்பலை முன்னதாக அறிவிக்கும் ஏற்பிக் கருவி ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

பெரிய கப்பல்கள் தம் பெயர், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலைகளில் தாமே அறிவித்துக்கொண்டு செல்கின்றன. இந்தத் தானியங்கி அடையாள முறையை ஏ.ஐ.எஸ். என்பர். 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் செய்தி மாறி மாறி வரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கப்பல் 10 விநாடிக்கு ஒருமுறை அறிவிக்கும்.

முதலில், ஏற்பி எத்தனை அலைவரிசைகளைக் கேட்கிறது? ஒன்றை மட்டும் கேட்டால் பாதிச் செய்திகள் தவறிவிடும். அடுத்த செய்தி வர 20 விநாடி ஆகும். அதற்குள் கப்பல் சுமார் 140 மீட்டர் நகர்ந்துவிடும். எனவே இரண்டையும் ஒருசேரக் கேட்கும் ஏற்பியே வேண்டும்.

அடுத்து, ஏரியலின் உயரம். இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. உத்திரமேரூர் ஏரிக்கரையில் நின்று பார்ப்பதைவிடப் பனைமரத்தில் ஏறிப் பார்த்தால் அதிகத் தொலைவு தெரியும் அல்லவா? அதைப் போலத்தான். படகு, கப்பல் இரண்டின் ஏரியல் உயரங்களையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.1 ஆல் பெருக்குங்கள். செய்தி எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கப்பலின் ஏரியல் 36 மீட்டர், படகினுடையது 1 மீட்டர் எனில் 28.7 கிலோமீட்டர். படகினுடையதை 4 மீட்டருக்கு உயர்த்தினால் 32.8. கூடுதலாகக் கிடைப்பது 4.1 கிலோமீட்டர், அதாவது சுமார் 10 நிமிட அவகாசம். வலையை இழுத்துக்கொண்டு விலக அது பேருதவி.

மூன்றாவதே மிக முக்கியம். ஏற்பி கேட்கும், பேசாது. உங்கள் படகு கப்பலின் திரையில் தோன்றாது. மரப்படகும் கண்ணாடியிழைப் படகும் ரேடார் அலைகளையும் நன்கு எதிரொளிப்பதில்லை. ஆகவே, கப்பல் பாதையைக் கடக்கும் படகுக்கு, செலவு கூடினாலும், கேட்கவும் அறிவிக்கவும் வல்ல கருவியே பொருத்தம்.

இக்கருவி இல்லாத நாட்டுப்படகு யார் திரையிலும் தெரியாது. திரை வெறுமையாக இருப்பதால் கடலும் வெறுமை என்று எண்ணிவிடக் கூடாது. டான் காஞ்சிபுரம் போன்ற கப்பல்களில் ஏ.ஐ.எஸ். கட்டாயம். ஆயினும் மோதல் நடந்தது. கருவி துணைதான், காவல் மனிதனின் கண்ணே.

படகின் ஏரியல் 9 மீட்டர் உயரமானால் செய்தி எவ்வளவு தொலைவிலிருந்து எட்டும்? கணக்கிட்டுப் பாருங்கள்.