உலகின் பெரிய விமானமும் நம் சப்த கன்னி மலையும்

அன்புள்ள மருமகளுக்கு,

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கப் போவதாகவும், விமானத் துறைக்குப் போவதுதான் உன் ஆசை என்றும் எழுதியிருந்தாய். இதுவரை கட்டப்பட்ட விமானங்களில் எது பெரியது என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

எதை வைத்துப் பெரியது என்று கேட்கிறாய்? நீளத்தை வைத்தா? அப்படியென்றால் வாயு நிரப்பிப் பறந்த ஹிண்டன்பேர்க் வான்கப்பலை எந்த விமானமும் நெருங்கவில்லை. அதன் நீளம் 245 மீற்றர். 1937 மே 6 அன்று அமெரிக்காவில் இறங்கும் வேளையில் எரிந்துபோனது. சிறகின் அகலம் என்றால், 2019 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்த ஸ்ட்ராட்டோலோஞ்ச் விமானம்: ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 117 மீற்றர், இரட்டை உடல், ஆறு எஞ்சின். ஆட்களை ஏற்றுவது என்றால் ஏர்பஸ் ஏ380. 853 பேர் வரை ஏற்றலாம் என்று அதற்கு அனுமதி உண்டு. எடை என்றால் உக்ரைனின் அன்டனோவ் 225, மிரியா. அளவுகோலைச் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் வராது. பௌதிகவியல் படிக்கப் போகிறவள் இதை இப்போதே பழகிக்கொள்.

என்னைக் கேட்டால் மிரியாதான் பெரியது. எரிபொருளும் சுமையுமாக 640 தொன் எடையோடு தரையைவிட்டு எழும்பக்கூடிய விமானம் அது. ஆறு எஞ்சின், முப்பத்திரண்டு சக்கரம். 1988 டிசம்பர் 21 அன்று முதன்முதலாகப் பறந்தது. சோவியத் நாட்டின் புரான் விண்ணோடத்தை முதுகில் சுமப்பதற்காகவே கீவ் நகரத்தில் அதைக் கட்டினார்கள். முதுகில் அத்தனை பெரிய பொருள் இருந்தால் பின்னால் போகும் காற்று குழம்பும். அதனால்தான் நடுவில் ஒரு வால் வைக்காமல், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். படத்தைப் பார்த்தால் அழகுக்காகச் செய்ததுபோல் தோன்றும். காரணம் காற்று.

2009இல் ஜெர்மனியிலிருந்து ஆர்மீனியாவுக்கு, மின்நிலையத்துக்கான ஒரே ஒரு மின்பிறப்பாக்கியை அது கொண்டுபோனது. சட்டகத்தோடு ஏறத்தாழ 190 தொன். 2001இல் ஒரு பறப்பில் 250 தொன்னுக்கும் சற்று மேலேயே சுமந்து காட்டியது. 250 தொன் எவ்வளவு என்று நம்முடைய கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 18 கிலோ எடுப்பதாக வைத்துக்கொண்டால், மிரியாவை ஒருமுறை நிறைக்க அறுபதாயிரம் பேருக்கு மேல் ஒரு நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுக்க வேண்டும். இலங்கை ஆண்டுதோறும் அனுப்புகிற தேயிலை ஏறத்தாழ 25 கோடி கிலோ. அதை மிரியாவில் ஏற்றினால் ஆயிரம் பறப்பு ஆகும். உன் அம்மா முப்பது வருடமாக மடுவத்தில் நிறுத்துக் கொடுத்த கொழுந்தை யாரும் உலக சாதனைப் பட்டியலில் எழுதவில்லை. நீயாவது அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திரு.

மிரியா நம் நாட்டுக்கும் வந்தது. 2018 ஏப்ரலில் மத்தள விமான நிலையத்தில் இறங்கிப் போனது. அங்கே ஓடுபாதை 3,500 மீற்றர். அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்டில், கட்டுநாயக்கவில் ஓடுபாதையைத் திருத்திய பிறகு, எமிரேட்ஸின் ஏ380 வந்து இறங்கியது. பெரிய விமானம் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, மகள். தரை அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட மிரியாவுக்கு என்ன ஆனது? 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. விண்ணோடத் திட்டம் நின்றது. 1994இலிருந்து ஏழு வருடம் மிரியா ஓரமாக நின்றது. எஞ்சின்களைக் கழற்றி வேறு விமானங்களுக்குப் பூட்டினார்கள். இரண்டாவதாகக் கட்டத் தொடங்கிய மிரியா பாதியிலேயே கிடந்தது. 2001இல் திரும்பப் பறந்து, இருபது வருடம் உலகம் முழுக்கச் சுமை இழுத்து, 2022 பெப்ரவரியில் ஹொஸ்டொமெல் விமானத் தளத்தில் நடந்த சண்டையில் அழிந்தது. ஏ380இன் கதை முடியப் போர் தேவைப்படவில்லை. இரண்டே எஞ்சினில் தூரம் போகும் விமானங்கள் வந்தபின் நான்கு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்ற நிறுவனங்கள் விரும்பவில்லை. 251 விமானங்களை ஒப்படைத்ததோடு 2021இல் உற்பத்தி முடிந்தது.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணிக்குப் பிறகு, டிசி-8 விமானம் ஒன்று மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னி மலையில் மோதியது. எடையில் அது மிரியாவின் கால்வாசிகூட இல்லை. நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்தினுடையது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேரை ஏற்றிக்கொண்டு ஜித்தா போகும் வழியில் கட்டுநாயக்கவில் தரிக்க வந்தது. பணியாளர்கள் ஒன்பது பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. 191 உயிர். இலங்கை மண்ணில் இதைவிடப் பெரிய விமான விபத்து இன்றுவரை நடந்ததில்லை. அந்த விமானத்தின் டயர் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய்.

எஞ்சின் பழுதாகவில்லை. சிறகு முறியவில்லை. விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று நம்பி விமானத்தைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டுநாயக்க அப்போது மேற்கே எழுபது கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. இடையில் நம் மலைகள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்ததுதான் காரணம் என்றும், விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியது அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது என்றும் விசாரணை சொன்னது. டொப்ளர் கருவி தரையை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தை அளக்கும். வேகத்தைக் கூட்டிக்கூட்டித் தூரத்தைக் கணக்கிடும். ஒவ்வொரு சிறு பிழையும் அந்தக் கூட்டலில் சேர்ந்துகொண்டே போகும். இதே டொப்ளர் விளைவு உன் பௌதிகவியல் பாடத்தில் வரும். படிக்கும்போது அதைப் பரீட்சைக்கான சூத்திரமாக மட்டும் எண்ணாதே. அன்றிரவு அந்தக் கணக்கை நம்பித்தான் 191 பேர் வந்தார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்னால், டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு விமானம் இதேபோல மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன்பிறகு, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை விமானங்களில் பொருத்த வேண்டும் என்று அந்நாடு கட்டாயமாக்கியது. அதை உருவாக்கியவர் டொன் பேட்மன் என்ற பொறியியலாளர். ஆனால் முன்னால் செங்குத்தாக எழும் மலையை முதற்கருவியால் வேளையோடு சொல்ல முடியவில்லை. உலகத்தின் மேடுபள்ளம் முழுவதையும் கருவிக்குள் வைக்க வேண்டியிருந்தது. அதற்காக, சோவியத் ஒன்றியம் கலைந்தபோது வெளியே வந்த நிலவரைபடங்களை அவருடைய குழு வாங்கியது. மிரியாவை நிறுத்திவைத்த அதே வீழ்ச்சி, விமானிகளுக்கு மலைகளைக் காட்டும் வரைபடங்களையும் வெளியே கொண்டுவந்தது. கையில் தூக்கக்கூடிய ஒரு பெட்டிதான் அந்தக் கருவி. எத்தனையோ பயணிகள், தாங்கள் தப்பியது தெரியாமலே அதனால் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மிரியாவை நான் வியக்கிறேன். அந்தப் பெட்டியை வணங்குகிறேன்.

ஆகவே விமானத் துறை என்றால் விமானியும் பெரிய விமானமும் மட்டும்தான் என்று நினைக்காதே. விமானப் பராமரிப்பு இருக்கிறது, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது, வழிகாட்டும் மின்னணுக் கருவிகள் இருக்கின்றன. எதற்குப் போனாலும் இணைந்த கணிதமும் பௌதிகவியலும்தான் வாசல். கட்டுப்பாட்டு அறையும் விமானியும் சர்வதேசப் பறப்பில் பேசுவது ஆங்கிலம். பயப்படாமல் தினமும் உரக்க வாசி. நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் அதற்கென்று ஒதுக்கீடு உண்டு. அது சலுகை என்று யாராவது சொன்னால் கூச்சப்படாதே. ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பாடசாலையிலிருந்து வருகிற பிள்ளைக்குச் சேர வேண்டியது அது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, கலைப் பிரிவு எடுத்தால் போதாதா என்று உறவுக்காரர்களே சொல்வார்கள். கலைப் பிரிவு குறைந்தது அல்ல. ஆனால் நீ விரும்பாததை மற்றவர் பயத்துக்காக எடுக்காதே. விண்ணப்பத்தில் கணிதப் பிரிவு என்றே எழுது. உன் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் உடனே எனக்கு எழுது. ஹட்டனில் வகுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன். அந்தப் பணத்தை அம்மாவிடம் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
மாமா