ஏரியில் கூடு, வயலில் இரை

திருவாரூர் மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டியை அடுத்துள்ள உதயமார்த்தாண்டபுரம் ஏரி, மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரால் நிறைகிறது. நிறைந்தபின், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாகக் கூடமைக்கின்றன. சூழ்ந்த நீரே அவற்றிற்கு அகழி. தரைவாழ் பகை விலங்குகள் அதனைக் கடந்து கூட்டை அணுகுதல் அரிது. சுள்ளிகளால் அமைந்த கூட்டில் இரண்டு முதல் நான்கு முட்டைகள் வரை இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி ஏறத்தாழ 25 நாள்கள் அடைகாக்கும். வெயில் ஏறினால் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாகும்.

கூடு ஏரியில் இருப்பினும் இரை சுற்றியுள்ள நெல்வயல்களில்தான். இந்நாரையின் அலகுகள் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கும். அவ்விடைவெளியில் வைத்து நத்தையை உடைக்கிறது என்பது பலர் கொண்டுள்ள பிழையான எண்ணம். உண்மையில், கீழலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தித் தசையை அறுத்துச் சதையை உருவி எடுக்கிறது. குஞ்சுகளுக்கோ இவ்விடைவெளி இல்லை, வளரவளரவே தோன்றுகிறது. கூட்டில் இருக்கும்வரை, பெற்றோர் வயலிலிருந்து கொணரும் நத்தையே அவற்றின் உணவு.

2022இல் இவ்வேரி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பாதுகாப்பு ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது. நாரை இரைதேடும் வயல்கள் கரைக்கு வெளியே உள்ளன. காவிரி நீர் வாராத ஆண்டில் அகழி வற்றுகிறது. வயலில் நத்தையும் அருகுகிறது.